சுற்றிலும் இருந்த புல்

பூவைப் படமெடுக்கும் முன் அதன் அக்கம்பக்கத்தைச் சீர்செய்வது கண்ணாடிக் கடைக்காரரின் மாறாத வழக்கம்.

குறுக்கே நீளும் புல்லைக் கிள்ளுவார். சருகை ஊதித் தள்ளுவார். மணப்பெண்ணின் முன்னால் குடையை விரித்தால் முகம் தெரியுமா என்பது அவருடைய வாதம்.

அவருடைய தங்கையின் கணவர் பல் மருத்துவர். அவர் எதையும் தொடமாட்டார். அவர் எடுக்கும் படங்களில் பூவைவிடப் புல்லே அதிகம்.

“இது பூப் படமா, மாட்டுத் தீவனமா மாப்பிள்ளை?” என்று கடைக்காரர் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஈரச் சரிவொன்றில் இருவரும் ஏறியபோது, புல்லுக்குள் புல்லின் நிறத்திலேயே ஒரு காட்டு ஆர்க்கிட் பூத்து நின்றது. சாண் உயரம்தான். அந்த மலையில் அது அற்றுப்போய்விட்டதென்றே அவர்களுடைய புகைப்படக் குழுவினர் எண்ணியிருந்தனர்.

மருத்துவர் மூச்சை அடக்கி மண்டியிட்டார். கடைக்காரர் புல்லைப் பிடுங்கத் தொடங்கினார்.

“வேண்டாம் மச்சான். வெயில் நேரா அடிக்கும், மானுக்கும் கண்ணுல படும்.”

பிடுங்கி முடித்தபோது, வட்டமான வெற்று மண்ணின் நடுவே பூ தனித்து நின்றது. படம் அற்புதமாக வந்தது.

அடுத்த வாரம் கடைக்காரர் குழுவினரைப் பெருமிதத்தோடு அங்கே அழைத்துப் போனார். மருத்துவர், வேலை இருக்கிறதென்று வரவில்லை.

சரிவில் அந்த வெற்று வட்டம் இல்லை. பூவும் கண்ணில் படவில்லை. அந்த இடத்தில், வேரோடு கொண்டுவந்து நட்ட புதுப் புல் நெருக்கமாக நின்றது.

தோண்டிய குழியை மறைக்க அல்லாமல் வேறெதற்கு ஒருவர் மலையில் புல் நடுவார்? இடம் தெரிந்தவர்கள் இருவரே. மருத்துவர் வீட்டு மாடியிலோ ஆர்க்கிட் தொட்டிகள். அவருடைய காரிலோ மண் ஒட்டிய களைக்கொத்து.

அன்று மாலை, கடையின் பின்னறையில், குழுவினர் கேமராக்களை மடியில் வைத்து அமர்ந்திருக்க, தங்கை தேநீர் பரிமாறிக்கொண்டிருக்க, கடைக்காரர் விரலை நீட்டினார்.

“திருடினதைத் தொட்டியில வெச்சுத் தண்ணி ஊத்துறீங்களா மாப்பிள்ளை?”

தங்கை நீட்டிய கோப்பையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

மருத்துவர் அந்தக் கேமராக்களை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “நான் எடுக்கல மச்சான்” என்றதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டனர்.

தங்கை அண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினாள்.

மறுநாள், அந்தக் குழியைப் படமெடுத்து வந்து காட்டிவிட வேண்டுமென்று கடைக்காரர் தனியே சரிவேறினார். புதுப் புல்லில் ஒரு கொத்தைப் பற்றி இழுத்தார்.

குழி இல்லை.

இழுத்த புல் கையில் இருக்க, நெடுநேரம் அப்படியே அமர்ந்திருந்தார். ஆளில்லாத மலையிலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மாலையில் அத்தனை பேரையும் அதே பின்னறைக்கு வரவழைத்தார். பழி சொன்ன இடத்திலேயே அதைத் துடைப்பதுதான் முறை.

“மாப்பிள்ளை திருடல. புல்லைப் பிடுங்கினது நான். நிழல் போய், பூ கருகிப்போச்சு. அதைக் காப்பாத்தத்தான் அவர் புல்லு நட்டிருக்கார்.” தங்கையின் பக்கம் திரும்பினார். “உன் வீட்டுக்காரரை நாலு பேர் முன்னால திருடன்னு சொன்னேன்மா. அதே நாலு பேர் முன்னால மன்னிப்புக் கேக்கறேன்.”

“ஒரு படத்துக்காகப் பூவையே கொன்னுட்டீங்களே!” என்றார் குழுவில் மூத்தவர். கடைக்காரர் மறுக்கவில்லை.

“அங்கேயே வேற செடி இருக்கலாம். நாளைக்கே எல்லாரும் போய்த் தேடினா என்ன?” என்றார் இன்னொருவர்.

“இருந்தது அது ஒண்ணுதான். இனிமே அங்க பார்க்க எதுவும் இல்ல.”

மருத்துவர் சட்டென்று நிமிர்ந்து மச்சானை உற்றுப் பார்த்தார்.

எல்லோரும் கலைந்த பின், மருத்துவர் செருப்பை மாட்டுவதுபோல் வாசலில் குனிந்து மெல்லக் கேட்டார்: “புல்லுக்குள்ள எப்படி இருக்கு மச்சான்?”

“இன்னும் ரெண்டு மொட்டு விரிஞ்சிருக்கு மாப்பிள்ளை” என்றார் கடைக்காரர், அவர் முகத்தைப் பார்க்காமலே. “நான் இழுத்த புல்லைத் திரும்ப அழுத்தி நட்டு, தண்ணி தெளிச்சுட்டு வந்தேன்.”