எந்தத் தண்ணி

மீன் முள் குத்தி எழுபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது.

நேரத்தில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குத்தான் அந்தப் படம் தூண்டில்காரர்களின் வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது. பதினோரு கிலோ கொடுவா. அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அவள் கணவன். வலது பெருவிரலில் ஒரு பொட்டு ரத்தம்.

சனிக்கிழமை அந்த விரல் மட்டிப்பழம் அளவுக்கு இருந்தது.

இன்று ஏத்தன்பழம் அளவு.

அவன் தையல்காரன். வலது பெருவிரல் இல்லையென்றால் கத்தரிக்கோல் இல்லை.

கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் வார்டு மொத்தமும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் ஊருக்கு மூன்று தண்ணி. வடக்கே குளம். நடுவில் காயல். தெற்கே கடல். சைக்கிளில் போனால் ஒரே காலையில் மூன்றிலும் தூண்டில் போட்டுவிடலாம். அவன் நான்கு வருஷம் போட்டான். மூன்றிலும் அவனுக்கு விரல் நீளக் கெளுத்திதான் வாய்த்தது. கடைசியில் பேரே அதுவாகிவிட்டது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட, "கெளுத்தி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அண்ணாச்சி.

நிமிர்ந்து நடந்தால் அவன் இவ்வளவு உயரம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ஊரில் ஒருவரிடம் சம்பளம் கேட்கலாம். மகளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்று கேட்கலாம். மீன் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டாலும் உண்மையைச் சொல்லக் கூடாது.

அதனால் எல்லாரும் அவளிடம் கேட்டார்கள்.

கொடுவாவைப் பார்த்து இடத்தைச் சொல்ல முடியாது. அது மூன்று தண்ணியிலும் கிடக்கிற மீன். அவள் அரிந்து பதினோரு வீட்டுக்குப் பங்கு வைத்தாள். அரிந்து முடிப்பதற்குள் விரல்கள் மரத்துப்போயின. பெரிய மீன்.

குளத்துத் தூண்டில் தங்கையன் ஒரு துண்டு தின்றுவிட்டு, சேற்று வாசம் அடிக்கிறது, குளம்தான் என்றார். கடல் தூண்டில் சூசை, உப்புக் கரிக்கிறது, கடலேதான் என்றார். அந்தக் குழம்புக்கு உப்பு போட்டது சூசையின் மனைவி.

கொழுந்தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வழி சொன்னான்.

"மைனி, நீங்க வாயே திறக்காண்டாம். குளம்னா ஒரு இருமல். காயல்னா ரெண்டு. கடல்னா மூணு."

அவளுக்கு அன்று உண்மையிலேயே ஜலதோஷம், இருமல்.

சாயங்காலம் காயல் கரையில் பதினெட்டுத் தூண்டில் நின்றன.

இப்போது தங்கையன் அடுத்த கட்டிலில் இருந்தார். குடலிறக்க ஆபரேஷன். அசையக் கூடாது. சூசை அவரைப் பார்க்க வந்தவர். வந்து ஒன்றரை மணி நேரமாக ஒரே ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வெளியூர்ப் பெண். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சரியில்லை.

"எந்தத் தண்ணியில பிடிச்சீங்க? குளமா, காயலா, கடலா?"

தங்கையன் எழுந்து உட்கார்ந்தார்.

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"ஞாபகம் இல்ல டாக்டர்."

"நல்லா யோசிங்க. ஒவ்வொரு தண்ணிக்கும் ஒவ்வொரு கிருமி. மருந்தும் வேற வேற. தப்பான ஊசி போட்டு இன்னும் ஒரு நாள் போச்சுன்னா விரலை எடுக்க வேண்டியதுதான். வேணும்னா என் காதுல மட்டும் சொல்லுங்க."

"அது பாடில்ல டாக்டரம்மா," என்றார் தங்கையன். "வைத்தியம்னா நாலு பேரு முன்னால நடக்கணும்."

"ஓய், சும்மா கிடயும். தையல் பிரியும்," என்றார் சூசை. ஆனாலும் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

அவன் தொண்டையைச் செருமினான். ஏழு கட்டில்கள் மூச்சை நிறுத்தின.

"காயல்," என்றான்.

வார்டு மூச்சு விட்டது.

"நான் அன்னைக்கே நினைச்சேன்," என்றது வாசல் பக்கத்துக் கட்டில். நாலைந்து செல்போன்கள் ஒரே நேரத்தில் வெளிச்சம் போட்டன. கால் கட்டோடு கிடந்தவர் மகனுக்குப் போன் போட்டு, இறால் வாங்கி வைக்கச் சொன்னார். தூண்டிலில் குத்த.

டாக்டர் சீட்டில் எழுதினாள். நர்ஸ் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள்.

ஸ்டூலில் இருந்தபடி அவள் கணவனைப் பார்த்தாள். தலையணையில் சாய்ந்திருந்தான். அந்த விரலோடும் அவன் முகத்தில் வெள்ளிக்கிழமையின் களை கொஞ்சம் மிச்சமிருந்தது.

பிறகு விரலைப் பார்த்தாள்.

ஊசி தோலைத் தொடுவதற்குள் நர்ஸின் கையைப் பிடித்துவிட்டாள்.

"காயல் இல்ல டாக்டர்."

அவன் தலை அவள் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு தடவை, மெதுவாக, வேண்டாம் என்று தலையசைத்தான்.

"அப்படிச் சொல்லு மைனி!" என்றார் தங்கையன். "குளம்தானே?"

"கடலு," என்றார் சூசை. "நாக்குல வச்சதுமே தெரிஞ்சிது."

அவள் எழுந்து நின்றாள். அவனுடைய நல்ல கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஐஸ் தண்ணி, டாக்டர். மீன் கடை ஐஸ் பெட்டி."