ஆசீர் தம்பிக்காக ஒரு ஜெபம்

பியூலாவின் மகனை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வேனை ஓட்டியவன் ஆசீர்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது ஆசீருக்கும் தெரியும். அவள் போலீசுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், எல்லார் முன்னாலும், முக்காட்டை இழுத்துவிட்டு முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, ஆசீர் தம்பிக்கு நல்ல தூக்கத்தைத் தாரும்."

அடுத்த வாரம் அவன் கைநடுக்கம் நீங்க வேண்டினாள். அதற்கடுத்த வாரம், ஹாரன் சத்தத்துக்கு அவன் மிரளாமலிருக்க. சபை ஆமென் சொன்னது. அவனும் சொல்ல வேண்டியிருந்தது. வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"இந்தத் துக்கத்துலதான் அக்கா ஜெபத்துல வளர்ந்திருக்காங்க," என்று பாஸ்டர் மெச்சினார். ஆசீர் ஆளே பாதியாகிவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு அவள் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, என்னைப் புடிச்சுக் குடுத்துருங்க. இல்லன்னா செத்துருவேன். இனிமே எனக்காக ஜெபம் மட்டும் பண்ணாதீங்க."

பியூலா அவன் தலையில் கை வைத்தாள். மகனுக்கு ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேட்டதையே இவனுக்கும் கேட்டாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நீண்ட ஆயுசைத் தாரும்."

அவன் ஆமென் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.