ரெண்டு புள்ளி, ஒரு கோடு

“கருங்காலியப் பிடிச்சுட்டோம் தலைவரே!”

ரெனால்ட் ஒரு செல்போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். சங்கத்தின் செயலாளர் அவன். பின்னால் ஜெஸி தலைகுனிந்து நின்றாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண்.

ஆம்பூரில் அந்தக் கம்பெனி வாசலில் பந்தல் போட்டு அன்றைக்கு இருபத்திமூன்றாம் நாள். கழிவறைக்குப் போகக்கூட டோக்கன் வாங்க வேண்டும் என்ற விதியை எடுக்கச் சொல்லி வேலைநிறுத்தம். முதலாளிக்கு அவசரமில்லை, அவருக்குத் தனிக் கழிவறை.

தலைவர் காசி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இன்னா ஆதாரம்?”

“தெனமும் மதியம் கஞ்சி ஊத்தி முடிஞ்சதும் இது பந்தலுக்குப் பின்னாடி போய் மெசேஜ் அனுப்புது. ஒரே நம்பருக்கு. ஒரு எழுத்து கெடையாது. இன்னிக்கு அனுப்பறதுக்குள்ள பிடுங்கிட்டேன். பாருங்க.”

காசி பார்த்தார்.

முதல் நாள் :-)

மறுநாள் :-|

அடுத்த நாள் :-(

முப்பது வருஷமாக நோட்டீஸ் அடித்தவர். இப்படி ஒரு வாசகத்தை எந்த நோட்டீஸிலும் அவர் கண்டதில்லை.

“ரகசியக் குறி தலைவரே,” என்றான் ரெனால்ட். “ரெண்டு புள்ளின்னா, ரெண்டு பேரு வேலைக்குத் திரும்ப ரெடி. கோடுன்னா கம்பெனி கேட்டு. கடைசியில வளைவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் ஆளு சாயுது.”

“உன்ன மானேஜரா போடாம விட்டுட்டாங்களேடா,” என்று சிரித்தார் கமிட்டி உறுப்பினர் நயீம் அகமது. போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். “தோஸ்த், சாய்ச்சுப் பாத்தா மூஞ்சி மாதிரி கீதே!”

“மூஞ்சிதான் பாய்,” என்றாள் ஜெஸி மெல்ல. “கண்ணு, மூக்கு, வாயி. சந்தோஷம்னா அப்படி, மனசு சரியில்லன்னா இப்படி.”

“நேர்க்கோடுதான் ஜாஸ்தியா இருக்கு. அது இன்னா?”

“அழுவாது பாய், சிரிக்கவும் சிரிக்காது. சும்மா எதையோ நெனச்சிக்கினு, மலையப் பாத்துக்கினு உக்காந்திருக்கும்.”

“யாரு மூஞ்சிம்மா?”

ஜெஸி மறுபடியும் தலைகுனிந்தாள்.

“காதலா? இருந்தா சொல்லிடு. ஒரு பேஜாரும் இல்ல. கூட்டத்த முடிச்சிட்டு டீ குடிக்கப் போலாம்.”

“இல்ல பாய்.”

“காதலா எப்படி இருக்கும்?” என்று போனைப் பறித்தான் ரெனால்ட். “பதினேழாம் நாளப் பாருங்க தலைவரே. ராஜேஷ் கேட்டுக்குள்ள போன அன்னிக்கு.”

அதில் :'-( என்று இருந்தது.

“மேல ஒரு புள்ளி ஜாஸ்தி. இன்னா அது?”

ஜெஸி நிமிர்ந்தாள். “அத மட்டும் கேக்காதீங்கண்ணா.”

காசியின் முகம் கறுத்தது. ராஜேஷ் இருபது வருஷம் அவரோடு ஒரே கொடியைப் பிடித்தவன். அவன் வேலைக்குத் திரும்பிய பிறகு பந்தலில் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை.

“ஏம்மா, இந்தப் பந்தலுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. வீட்டு ஆளுங்க இங்க வரக்கூடாது. இங்க நடக்கறது வெளிய போகக்கூடாது. பொண்டாட்டி புள்ள வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா ஸ்ட்ரைக் உடஞ்சிடும். நானே இருவத்திமூணு நாளா வீட்டுப் பக்கம் போகல. தெரியுமா?”

“தெரியும்ண்ணா.”

“அப்பச் சொல்லு. யாருக்கு அனுப்பறே?”

“சங்கத்த விட்டு எடுத்துடுங்கண்ணா. நான் சொல்லமாட்டேன்.”

ரெனால்ட் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தான். நீக்கப்பட்டவள் என்று பந்தல் போர்டில் பேர் ஏறிவிட்டால், தெருக் குழாயடியில்கூட ஒருத்தரும் முகம் கொடுக்கமாட்டார்கள். ஜெஸிக்கு அது தெரியும். கண் நிறைந்து நின்றது.

“அந்த நம்பரப் போடு. நானே கேக்கறேன்,” என்றார் காசி.

ரெனால்ட் அழுத்திக் கொடுத்தான். ஒரு மணிதான் அடித்தது. ஹலோகூடச் சொல்லாமல் ஒரு பெண் குரல் படபடத்தது.

“ஜெஸி! இன்னாம்மா, இன்னிக்கு இன்னும் முகம் வரல? மணி ரெண்டரை ஆவுதாம். பக்கத்து வூட்டு வஹீதா போன வெச்சிக்கினு அவ வூட்லயே குந்தியிருக்கேன். சாப்ட்டாரா இல்லியா? சக்கர மாத்திர போட்டாரா? படிக்கத் தெரியாதவளுக்கு நீ அனுப்பற முகந்தாம்மா சோறு இறங்க வைக்குது. இல்ல, அன்னிக்கு மாதிரி திரும்பவும் கண்ணுல தண்ணி விட்டுக்கினு...”

குரல் உடைந்தது.

போன் காசியின் காதிலேயே இருந்தது.

“யாரு தலைவரே, மானேஜர் வீடா?” ரெனால்ட் பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தான். “இன்னான்னு எழுதட்டும்?”

காசி கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதுடா. தோழர் ஜெஸி உளவு சொன்னது உண்மை. தலைவர் சாப்ட்டாரா இல்லியான்னு, தலைவர் பொண்டாட்டி எல்லம்மாவுக்கு. பதினேழாம் நாள் அந்தத் தலைவர் பந்தலுக்குப் பின்னாடி நின்னு அழுதத மட்டும், தோழர் நம்மள்ல ஒருத்தர்கிட்டயும் காட்டிக்குடுக்கல.”