சிவந்த இடம்

மூளை போடும் கணக்குதான் மனம், அதற்கு மேல் உள்ளே ஒன்றுமில்லை என்று வகுப்பில் அடித்துச் சொல்பவர் பேராசிரியர் சோமசேகரன். அன்று அவருடைய ஆய்வுக்கூடத்தில் மூளை ஸ்கேனுக்கு வந்தவள் அவர் மனைவி தமயந்தி. உலோகம் ஆகாதென்று தாலிச்சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, மாற்றாகக் கட்டிய மஞ்சள் கயிற்றோடு படுத்தாள். தம் புகைப்படத்தை அவர் காட்டியபோது திரையில் அவள் மூளைப் படம் சும்மா கிடந்தது. "பிடிச்சதை நினைச்சுக்கோ" என்றதும் அதில் ஓரிடம் குங்குமமாய்ச் சிவந்தது.

வெளியே வந்தவளிடம், "யாரை நினைச்சே?" என்றார்.

"கணக்குதானே. அதுலயே பாத்துக்கோங்க."

சங்கிலிக்குக் கை நீட்டினாள். அவர் விரல்களைப் பிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை படு."

அவள் போய்ப் படுத்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கியதுமே திரையில் அதே இடம் சிவந்தது. அவர் இன்னும் எதையும் நினைக்கச் சொல்லவில்லை.