வெறும் மணல்

குச்சியை ஓங்கியபடியே நின்றாள்.

நாய் நின்றுவிட்டது. கன்றுக்குட்டி உயரம். வாயோரம் எச்சில் ஒழுகியது. இன்னும் ஒரு பாய்ச்சல் பாய்ந்திருந்தால் முடிந்தது கதை.

அவள் குதிகாலுக்குப் பின்னால், மணலில் ஒரு சின்னப் பள்ளம். அதற்குள் மூன்று முட்டைகள். மணல் நிறம், மேலே கறுப்புக் கிறுக்கல். உப்புக்கொத்திப் பறவையின் முட்டைகள். குனிந்து பார்த்தால்கூடக் கூழாங்கல் என்றுதான் தோன்றும்.

இரண்டு மாதமாக இந்தக் கரையின் பறவைக் கூடுகளுக்கு அவள்தான் சம்பளக் காவல்.

"ஏய்! யார் மேல கட்டையை ஓங்குற?"

நாயின் சொந்தக்காரர் வந்தார். அரை டிரவுசர், குளிர் கண்ணாடி. கையில் நாய்ச் சங்கிலி சுருட்டியபடி இருந்தது. பின்னாலேயே அவர் மனைவி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"நாயைக் கட்டுங்க சார். பறவை முட்டை வெச்சிருக்குது. போர்டு பாக்கலியா?"

"எங்க முட்டை? காட்டு. காட்டினா கட்டறேன்."

காட்டவில்லை.

போன மாதம் காட்டினாள். நல்லவர்களாகத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு. மறுநாள் பத்துப் பேர் படமெடுக்க வந்தார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன தீனிக்குக் காகம் வந்தது. அதோடு போயிற்று அந்தக் கூடு.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. வெறும் மணல்! பீச்சு என்ன உங்கப்பன் சொத்தா?"

"எங்கப்பன் வலை காயப்போட்ட கரைதான் சார். அது கெடக்கட்டும். சங்கிலிய கையிலயே வெச்சிருக்கீங்களே, யார் கழுத்துக்கு?"

அவர் முகம் சிவந்தது. மனைவி, "நல்லா பேசட்டும், எல்லாம் ரெக்கார்ட் ஆவுது" என்றாள்.

பேசுவதற்கு அவளிடம் பஞ்சமே இல்லை. மீன் சந்தையில் பத்து வருஷம் கூடை வைத்த வாய். அடுத்ததை எடுக்க வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் தாய்ப் பறவையைப் பார்த்தாள்.

இருபதடி தள்ளி. குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. நாலெட்டு ஓடி வந்தது. நின்றது. திரும்பி ஓடியது. வயிற்று இறகெல்லாம் ஈரம். அலையில் நனைந்து வந்து முட்டையின் மேல் நிழல் பிடித்து நிற்கும். அதுதான் அதற்கு வெயில் கால வேலை.

மே மாதம். மணி பதினொன்று. செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத மணல். கால் மணி நேரம் நிழல் போனால், முட்டைக்குள் இருப்பது வெந்துவிடும்.

பறவை நாயைப் பார்க்கவில்லை.

அவளைப் பார்த்தது.

கூட்டுக்கு முப்பதடிக்குள் நிற்காதே. வேலையில் சேர்ந்த அன்றே சொன்ன முதல் பாடம். ஓடி வந்த வேகத்தில், கூட்டை ஒட்டியே நின்றுவிட்டாள். இப்போது நகர்ந்தால் நாய். நகராவிட்டால் வெயில்.

இந்தச் சண்டையில் அவள் ஜெயிக்க ஜெயிக்க, முட்டை வெந்துகொண்டிருந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அவர். "ரோலோகிட்ட மன்னிப்பு கேளு. அப்பதான் இங்கேர்ந்து கிளம்புவோம்."

"நாய்கிட்டயா?"

"நாய்கிட்டதான்."

பறவை மறுபடி நாலெட்டு வந்தது. மறுபடி திரும்பியது.

குச்சியைக் கீழே போட்டாள். கையைக் கூப்பினாள்.

"மன்னிச்சிரு ரோலோ."

"கேமராவப் பாத்துச் சொல்லு."

கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

சிரித்தார்கள். சங்கிலி நாயின் கழுத்தில் ஏறியது. கார் நிற்கும் பக்கம் நடந்தார்கள்.

அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் போட்ட படகின் நிழலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பைனாகுலரை எடுத்தாள்.

பள்ளத்தின் மேல், இறகை விரித்து, நின்றுகொண்டிருந்தது.

ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

சாயந்திரம் வீடியோ அவள் போனுக்கே வந்தது. நாத்தனார் அனுப்பியிருந்தாள், அழுகிற முகம் ஒன்றோடு. கடற்கரையின் பெயர், போகிற வழி எல்லாம் மேலே போட்டிருந்தது. நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். திமிர் பிடித்தவளுக்கு நல்ல பாடம் என்று ஒருவர். வேலையை விட்டுத் தூக்கு என்று ஒருவர். எல்லாவற்றையும் படித்தாள். உறைக்கவில்லை.

கடைசியில் ஒன்று. இப்போதுதான் வந்திருந்தது.

"அந்தம்மா காலுக்குப் பின்னாடி மூணு உருண்டையா தெரியுதே, என்னது அது?"

கீழே இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.