முதுகில் ஒரு ஊசி

"முதுகுல ஊசி போட்டே ஆகணுமுங்க" என்று குழந்தையம்மாள் சொன்னபோது, மருமகள் மேல் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் என்று வார்டுக்கே தெரிந்துவிட்டது.

காரணம் இருந்தது. காய்ச்சலில் படுத்திருந்த லோகப்பிரியா அன்று காலை எழுந்து, உடுமலைப்பேட்டை வீட்டு வாசலில் வந்து நின்று, மாமியாரை ஒருமையில் பேசியிருந்தாள்.

"உன்ற மவ கழுத்துல கெடக்கறது எங்கப்பன் எனக்குப் போட்ட சங்கிலி. கழட்டிக் குடுத்தது நீதான?"

வீட்டில் விருந்தாளிகள் வேறு.

"கோவத்துல பேசறாம்மா. தூங்கி எந்திரிச்சா செரியாப் போயிரும்" என்றான் மகன் மோகன்குமார்.

குழந்தையம்மாள் கேட்கவில்லை. "இவளுக்கு மூளைல கோளாறு" என்று வாடகைக் காரில் ஏற்றிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டர் ஜெரோம் பார்த்தார். "மூளையில கிருமி தாக்கியிருக்கலாம். முதுகுத்தண்டுல கொஞ்சம் நீர் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

லோகப்பிரியாவின் அப்பா தம்பிதுரை போன் வந்ததும் ஓடி வந்திருந்தார்.

"முதுகுல குத்துனா காலு வெளங்காமப் போயிருமுங்க. என்ற புள்ளைக்குப் பைத்தியம்னு பட்டங் கட்டி, எங்கூட்டுக்கே அனுப்பப் பாக்கறீங்களா சம்பந்தி?"

"பைத்தியமா இல்லியான்னு பாக்கத்தானுங்க ஊசி" என்றாள் குழந்தையம்மாள். மகன் பக்கம் திரும்பினாள். "கையெழுத்தப் போட்றா."

போட்டான்.

நீர் எடுத்தார்கள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரஸ் மூளைக்காய்ச்சல் என்று சோதனையில் தெரிந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். வலிப்பு வந்து, நினைவு தப்பி, ஒருவழியாகத் தேறினாள் லோகப்பிரியா.

கண் விழித்து மாமியாரைப் பார்த்ததும் பதறி எழப் போனாள்.

"நான் ஏதாச்சும் பேசிப்போட்டனுங்களா அத்தை?"

"ஒண்ணும் பேசுல அம்மணி. படு."

வெளியே வந்தவளை டாக்டர் நிறுத்தினார்.

"கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா. கோவத்துல பேசறான்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

குழந்தையம்மாள் வார்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அவ சொன்னது அத்தனையும் நெசமுங்க. புத்தி தெளிவா இருக்கறவ அதை என்ற மூஞ்சிக்கு நேரா சொல்லுவாளுங்களா?"