பெண்கள் பக்கத்துச் சிரிப்பு

“மூணு நாளா ஒருத்தனும் சிரிக்கலையேய்யா. சிரிப்புப் படம்னு ஊரெல்லாம் நோட்டீசு குடுத்திருக்கேன்” என்றார் கொட்டகை முதலாளி.

காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். படங்கள் பேசாத காலம் அது. காளவாசல் தகரக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று, ஓடுகிற படத்துக்குக் கதை சொல்வது அவன் வேலை.

இந்த வாரம் வந்திருந்தது சுவீடன் தேசத்துப் படம். ஒரு வாத்தியாரும் அவர் பெண்டாட்டியும் சண்டை போடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டுவாள். பனி கொட்டி ரயில் நின்றுவிடும். திரும்பி வந்து மறுபடி சண்டை, மறுபடி பெட்டி. இப்படி மூன்று தரம். வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்த படமாம்.

காசிமாயனுக்குத்தான் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. அவன் பெண்டாட்டி மாயக்காள் ஒரே தரம்தான் பெட்டியைக் கட்டினாள். எந்தப் பனியும் கொட்டவில்லை. செக்கானூரணிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு மாசம் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை ஊர் மந்தையில் துரும்பு முறிக்க நாள் குறித்திருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பை முறித்துவிட்டால், அந்த ஊரில் கல்யாணம் தீர்ந்தது என்று அர்த்தம்.

“ஞாயித்துக்கெழமை பகலாட்டத்துக்கு நானே வந்து உக்காருவேன். அன்னைக்கும் கொட்டகை எழவு வீடாட்டம் கெடந்துச்சுன்னா, திண்டுக்கல்லுல இருந்து வேற ஆளு வருவாரு. கோவிச்சுக்காத.”

“சரிங்க மொதலாளி.”

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்துதான் இருந்தது. முன்வரிசை நாற்காலியில் முதலாளி.

“இந்தா, அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. பெட்டியக் கட்டுறாக” என்றான் காசிமாயன், சாவுச் சேதி சொல்கிறவன் மாதிரி. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் இன்னொரு தரம், இன்னும் பலமாக. சிரிப்பு ஒட்டுவாரொட்டி அல்லவா? பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், பிறகு பத்துப் பேர், பிறகு ஆண்கள் பக்கமும். முதலாளியின் தொந்தி குலுங்கியது.

காசிமாயனின் பிரம்பு பாதி வழியில் நின்றது. அது ஏழு வருஷம் கேட்ட குரல். மாயக்காள்.

ஆட்டம் முடிந்ததும், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற முனியாயியிடம் போனான்.

“வந்திருந்தது அவதான?”

“ஆமாண்ணே.”

“நாளைக்குத் துரும்பு முறிக்கப் போறவளுக்கு இன்னைக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?”

முனியாயி வாசலைக் கூட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் மந்தையில் பெரியவர் மலைச்சாமி மாயக்காளைக் கேட்டார்.

“என்னத்தா கொறை? அடிச்சானா?”

“இல்ல.”

“குடிச்சானா?”

“அதுவும் இல்ல. பேச மாட்டாரு. கொட்டகையில ஊருக்கெல்லாம் பேசிட்டு வந்து, வீட்டுல செவுத்தப் பாத்துப் படுத்துக்கிருவாரு. சோறு போடவான்னு கேட்டாக்கூடப் பதில் கெடையாது. ஏழு வருசமா நான் ஒருத்திதேன் பேசுறேன். அலுத்துப் போச்சு.”

“இதுக்கா துரும்பு? தை வரைக்கும் பொறுத்துப் பாரேன்த்தா. மாப்ள, நீயும் வீட்டுல ரெண்டு வார்த்தை பேசு.”

மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அண்ணன்கூட மூச்சு விட்டுச் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்துக் காசிமாயனுக்குப் பேச்சு வந்தது. ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த வாய் அன்றைக்குத்தான் திறக்க வேண்டுமா?

“நேத்துக் கொட்டகைக்கு வந்து, நான் நிக்கிற நெலையப் பாத்துச் சிரிச்சா. அம்புட்டுச் சனத்தையும் சிரிக்க வச்சா. இவளோட என்னை எப்படி வாழச் சொல்றீக?”

மலைச்சாமியின் முகம் மாறியது. “சிரிச்சியாத்தா?”

“சிரிச்சேன்.”

“எதுக்கு?”

மாயக்காள் புருஷனை ஒரு தரம் பார்த்தாள். “சிரிப்புப் படம். சிரிச்சேன்.”

குற்றம் பெண் பேரில் என்று முடிந்தது. துரும்பை முறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முதலாளி காசிமாயன் தோளில் தட்டினார். “இன்னும் ஒரு வாரம் இதே படந்தேன். திண்டுக்கல் ஆளை வர வேணாம்னு சொல்லிட்டேன்.”

காசிமாயன் வெளியே வந்தான். வாசலில் முனியாயி.

“துரும்பு முறிச்சாச்சாண்ணே?”

“ஆச்சு.”

“அப்ப இனிமே சொல்லலாம். முறியிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு மதினி சத்தியம் வாங்கியிருந்துச்சு. திரும்பி வரத்தான் வழி பாக்குதுன்னு நீங்க நெனச்சிருவீகன்னு சொல்லுச்சு.”

“என்னத்தச் சொல்லக் கூடாது?”

“ஒங்க வேலை போகப் போகுதுன்னு நான்தேன் சந்தையில பாத்தப்பச் சொன்னேன். அம்புட்டுத் தூரமும் நடந்தே வந்துருச்சு. என்னையப் பக்கத்துல உக்கார வச்சு, ‘எனக்குச் சிரிப்பு வராது முனியாயி, சிரிக்க வேண்டிய எடம் வந்தா என் கையக் கிள்ளு’ன்னுச்சு. கிள்ளுன ஒவ்வொரு தரமும் சிரிச்சுச்சுண்ணே. படம் முடிஞ்சு வெளிச்சம் வந்தப்பத்தேன் பாத்தேன். கையெல்லாம் ரத்தம் கன்னி, மொகமெல்லாம் கண்ணீருல நனஞ்சு போயிருந்துச்சு. அம்புட்டு நேரமும் அழுதுக்கிட்டேதான் சிரிச்சிருக்கு.”